வாழைமரம் கட்டிய கம்பி

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறைக்குப் புதிய லைன் வந்திருக்கிறது. திரையில் ஒரு படத்தைத் தொட்டால் போதும், பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் கைடு ரெயில்கள் தாமாகவே நகர்ந்து டின்னின் அளவுக்கு வந்து நின்றுகொள்கின்றன. ஸ்பேனர் வேண்டாம், குனிந்து முதுகை ஒடிக்க வேண்டாம். அதைப் பார்க்க வரச் சொன்னவள் நூருல். அங்கே இப்போது இன்ஜினியராக இருக்கும் பெண். எனக்குக் காட்டி முடித்துவிட்டு, "கக் இந்திரா, முன்பு இதையெல்லாம் கையால்தான் செய்தீர்களாமே, எப்படி என்று எழுதிக் கொடுங்கள்" என்று மலாயில் கேட்டாள். கக் என்றால் அக்கா. தமிழில்தான் எழுதுவேன் என்றேன். எழுதுங்கள், படிக்கத் தெரிந்தவர்களை உட்கார வைத்துப் படித்துக்கொள்கிறேன் என்றாள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவளிடம் போய் இப்படிக் கேட்டால் விடுவேனா?

கைடு ரெயில் என்பது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. பெல்ட்டின் மேல் டின்னோ பெட்டியோ வரிசையாக ஓடும்போது அது கோணலாகத் திரும்பாமல், கீழே விழாமல் பார்த்துக்கொள்கிற நீளக் கம்பிகள்தான் அவை. பெல்ட்டின் இரு ஓரத்திலும் நட்டு வைத்த கம்பிக் கால்கள் அவற்றைத் தாங்கி நிற்கும். கால் அசைந்தால் ரெயில் அசையும், ரெயில் அசைந்தால் டின் மாட்டும், ஒரு டின் மாட்டினால் பின்னால் வருகிற டின் எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

நான் அந்த வேலைக்கு வந்தது தற்செயல். கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள், அங்கே லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் போர்மன் வீரையா ஒருநாள் எங்கள் வரிசையை நோட்டம் விட்டு, "இந்திரா, நீ வா. நீதான் லேபல கோணாம ஒட்டற" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. ஒரு பொம்பளை ஸ்பேனர் பிடிப்பதைப் பார்க்க ஆரம்பத்தில் தேயிலை உலர்த்துகிற டிரையர் பக்கத்து ஆண்கள் எல்லாம் கதவருகே வந்து நிற்பார்கள். பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் தன் பங்குக்கு, "வீட்டுல பைப்பு ஒழுகுது, அம்மா அங்க போய் நட் முறுக்கறாங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. பைப்பையும் நான்தான் மாற்றினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

போர்மன் வீரையாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒல்லியான ஆள், நெற்றியில் எப்போதும் திருநீறு. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "இந்திரா, இத பாரு" என்பவர், "இந்திரா, இத கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். "ங்க" வந்துவிட்டது என்றால் அன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம்.

கைடு ரெயில்மேல் யாரும் சாயக் கூடாது என்பது அவருடைய சட்டம். லைன் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, யாராக இருந்தாலும் சரி. ஒரு தடவை மேனேஜர், எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் அவர் துரைதான், பேசிக்கொண்டே ரெயில்மேல் கையை ஊன்றினார். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை பேசினார், பேசினார், கடைசியில் தன் கையைத் தானே பார்த்தார், எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அண்ணன் பதில் சொன்னார்.

வேலை முறையைச் சொல்கிறேன். முதலில் லைனை நிறுத்தி மெயின் சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும். சாவி, வேலை செய்கிறவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அப்போது எங்கள் யூனிஃபார்மில் பை கிடையாது. ஆகவே நான் சாவியை ஊக்கில் கோத்துத் தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொள்வேன். பிறகு, ஓடப்போகிற டின்னையே எடுத்துப் பெல்ட்டின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று வைப்போம். ஸ்கேலை எடுத்தால் அண்ணனுக்குப் பிடிக்காது. "ஸ்கேலா பெல்ட்டுல ஓடப் போவுது?" என்பார்.

லேபல் இயந்திரம் இருக்கிற பக்கத்து ரெயிலை முதலில் நேராக நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கத்து ரெயில் அதைப் பார்த்துத்தான் நிற்கும். எதிர்ப்பக்கத்தை டின்னை ஒட்டிக் கொண்டுவந்து, இடையில் தேயிலைப் பெட்டி அட்டை ஒரு துண்டைச் செருகுவோம். இழுத்தால் அட்டை உரசிக்கொண்டு, ஆனால் மடங்காமல் வெளியே வர வேண்டும். இன்னும் தளர்வாக விட்டால் டின் திரும்பிக்கொள்ளும், நெருக்கினால் மாட்டும். எல்லா நட்டையும் விரலால் முறுக்கிவிட்டு, ஒரு டின்னைக் கையால் தள்ளிக்கொண்டே லைன் முழுக்க நடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். அதுவும் நடுவில் தொடங்கி இரண்டு முனைக்கும் மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஸ்பேனர் நட்டை இறுக்கும்போது ரெயிலையும் கூடவே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே மறுபடியும் அட்டை, மறுபடியும் டின்னோடு ஒரு நடை. இரண்டு ரெயில் சேருகிற இடத்தில், டின் போகிற பக்கத்து ரெயிலின் முனை ஒரு நூல் வெளியே தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டின் அதில் போய் முட்டும்.

கடைசியில் நட்டுக்கும் கம்பிக் காலுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. நட் துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். காலையில் வந்ததும் அண்ணன் லைனைச் சுற்றி ஒரு நடை போய்க் கோடுகளைப் பார்ப்பார். எல்லாக் கோடும் நேராக இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்" வந்தால்தான் சுவிட்சைப் போடுவோம்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒருநாள் துரை எங்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினார். பேக்கிங் வேலையை மலைக்குக் கீழே இருக்கிற தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய கடையிலிருந்து உயரமான தங்க நிற டின்னில் தேயிலை கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆள் கோலாலம்பூரிலிருந்து வருவார். அந்த டின் நம் லைனில் ஒரு மணி நேரம், யார் கையும் படாமல், நிற்காமல் ஓடினால் ஆர்டர் நமக்கு, பேக்கிங் அறையும் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் கீழே போய்விடும். பெண்களுக்கு மறுபடியும் மலையில் கொழுந்து பறிக்கிற வேலை கொடுப்பார்கள், யாரையும் நிறுத்த மாட்டார்கள் என்று ஆறுதலும் சொன்னார்.

ஆறுதல் யாருக்கு வேண்டும்? எங்களில் பாதிப் பேர் மலையில் வேலை செய்து கால் தேய்ந்து வந்தவர்கள். டின்னுக்கு மூடி போடுகிற இடத்தில் நிற்கும் பவளம் அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஸ்டோருக்கு ஏறுகிற படியிலேயே மூச்சு வாங்குவார். "இந்த முட்டிய வச்சிகிட்டு என்னைய மலை ஏறச் சொன்னா, நான் ஒரேயடியா மேலயே போயிடுவேன்லா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

டின் உயரம் என்பதால் ஒரு வரிசை ரெயில் போதவில்லை. அண்ணனும் நானும் மேலே இன்னொரு வரிசை போட்டோம். அதற்காகப் பெல்ட்டின் ஓரத்தில் நீளமான கம்பிக் கால்கள் வந்தன. என் தோள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. டின்னோடு எத்தனை நடை நடந்தோம் என்று தெரியாது, அத்தனை நடந்தோம். ஓட்டிப் பார்த்தால் ஒரு டின்கூட முனகவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் தொழிற்சாலையில் அன்றைக்கு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை உண்டு. அந்த வருஷம் கேட்கவா வேண்டும்? என் வீட்டுக்காரர் லோரியில் திரிங்காப் தோட்டத்துச் சாமந்தியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார். மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து இரண்டு வாழைமரம் வந்தது, ஒன்று குலையோடு. எப்போதும் வாழைமரத்தைப் பேக்கிங் அறை வாசலில்தான் கட்டுவோம். பவளம் அக்கா தடுத்தார்.

"அண்ணே, இந்த வருஷம் லைனுக்கே கட்டுங்க. வாசலுக்கா நாளைக்கு டெஸ்ட்டு? லைனுக்குத்தானே டெஸ்ட்டு?"

பெல்ட்டின் தலையில், இரண்டு பக்கமும், புதுக் கம்பிக் கால்கள் பந்தக்கால் மாதிரி நின்றுகொண்டிருந்தன. அண்ணன் அவற்றைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"சரி. ஆனா வேற யாரும் கைடு கிட்ட போகாதீங்க. நானே கட்டறேன்."

அவரே கட்டினார். பக்குவமாக, வாழைநாரால், மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. இரண்டு மரத்தின் தலையையும் சேர்த்து முடிந்து வளைவும் செய்தார். பார்க்கக் கண்கொள்ளாத அழகு. பூஜை முடிந்து, பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டு, சாயங்காலம் மரத்தை அவிழ்த்து, லைனை வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் காலையில் அண்ணன் கோடுகளைப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தார். எல்லாம் நேர். "ம்" என்றார்.

கடைக்காரர்களின் ஆள் பெயர் டான். நடுத்தர வயதுச் சீனர், கண்ணாடி, சிரிக்காத முகம். மத்தியானம் பனிமூட்டம் இறங்குவதற்குள் தான் மலை இறங்க வேண்டும், அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் முயற்சி செய்யுங்கள், ஆனால் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான் என்று மலாயில் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

லைன் ஓடியது. டின்கள் மின்னிக்கொண்டு போயின. நான் மூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில், பெல்ட்டின் தலைப் பக்கம் ஒரு டின் லேசாகத் திரும்பியது, நின்றது. பின்னால் வந்ததெல்லாம் அதன்மேல் போய் மோதியது. நிறுத்தினோம். டான் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். மறுபடியும் ஓட்டினோம். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக, அதே இடத்தில் மாட்டியது. பவளம் அக்கா கையால் வாயை மூடிக்கொண்டார். துரை ஜன்னல் வழியாகத் தேயிலை மலையைப் பார்க்கப் போய்விட்டார். முந்தாநாள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு டின்கூட மாட்டாத இடம் அது.

"இந்திரா, அங்க என்னான்னு கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார் அண்ணன். "ங்க" வந்துவிட்டது.

பூட்டுப் போட்டேன். சாவியை மாட்டிக்கொண்டேன். நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், இரும்பாக இருந்தன. கோடு உடையவில்லை. டின்னை வைத்து அட்டையைச் செருகினேன். கீழ் ரெயிலில் உரசிக்கொண்டு வந்தது. மேல் ரெயிலில் செருகவே முடியவில்லை. நட் அசையாமல் ரெயில் எப்படி உள்ளே வரும்? கம்பிக் காலை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் விரல் ஒட்டியது. குனிந்து பார்த்தால் பழுப்பாக ஒரு கறை, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு வாழைநார்.

வாழைக்கறை துணியில் பட்டாலே போகாது. கம்பியிலும் வெந்நீருக்குப் போகவில்லை. குலையோடு இருந்த மரம் அது. தலையை எதிர்ப்பக்க மரத்தோடு இழுத்து முடிந்ததில், அந்தப் பாரம் நாள் முழுக்கக் கம்பியை உள்பக்கம் இழுத்து வளைத்திருக்கிறது. நட் அசையவே இல்லை, கம்பியே வளைந்துவிட்டது. கோடு எப்படிக் காட்டும்?

எனக்குப் பின்னால் டான் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தக் கறைமேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். சாப்பிடுகிற பொருள் ஓடுகிற லைனில் மரத்தைக் கொண்டுவந்து கட்டினோம் என்று தெரிந்தால், இந்த ஆள் அப்படியே கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. கம்பி மட்டமான சரக்கு என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அண்ணன் வந்தார். என் கையைப் பார்த்தார், துரையின் கையைப் பார்த்த மாதிரியே. எடுத்தேன். அவர் நாரைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு நிமிர்ந்து, டானிடம் நேராக, மலாயில் சொன்னார். "நேற்று நாங்கள் இயந்திரத்துக்குப் பூஜை செய்தோம். நான் இந்தக் கம்பியில் வாழைமரம் கட்டினேன். கம்பி வளைந்துவிட்டது. லைன்மேல் தப்பு இல்லை, இந்தப் பெண்கள்மேலும் தப்பு இல்லை, கட்டியது நான்."

துரை கண்ணை மூடிக்கொண்டார். டான் வாழைநாரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்தால், அந்தச் சிரிக்காத மனிதர் தோள் குலுங்கச் சிரிக்கிறார்!

"என் அப்பா பட்டறை வைத்திருந்தார். தினமும் லேத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவார். சாம்பல் மோட்டாருக்குள் விழுந்து விழுந்து, இரண்டு மோட்டார் போனது. மோட்டாரை மாற்றினாரே தவிர ஊதுவத்தியை நிறுத்தவில்லை" என்றார். சிரிப்பு நின்றதும் முகத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு, "ஆனால் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்தான்" என்றார். அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

வளைந்த கம்பியைத் தட்டி நேராக்கினால் ஓடுகிற அதிர்வில் மறுபடியும் நகரும். புதிய நீளக் கம்பி கைவசம் இல்லை. பக்கத்து டவுன் பிரிஞ்சாங் கடைகளில் அந்தத் தரத்தில் கிடைக்காது. அண்ணன் லைனின் கடைசியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மூடி போட்டு முடிந்த பிறகு டின்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போகும், அங்கே மேல் ரெயில் ஒரு கால் இல்லாமலும் நிற்கும். அந்தக் காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். இத்தனை அவசரத்திலும் அண்ணன் ஒரு படியைக்கூட விடவில்லை. டின் வைத்தார், அட்டை செருகினார், விரலால் முறுக்கினார், டின்னைத் தள்ளிக்கொண்டு நடந்தார், ஸ்பேனர், மறுபடியும் அட்டை, மறுபடியும் நடை. ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. துரை கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். அண்ணன் பெயின்ட் டப்பாவைத் திறந்து கோடும் போட்டார்.

"காயறதுக்கு நேரம் இல்லண்ணே" என்றேன்.

"காயாட்டி என்னா? கோடு கோடுதான்."

ஓட்டினோம். பவளம் அக்கா கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நேத்து கும்பிட்டது போதும். இன்னைக்கு டின்ன பாருங்க" என்றார் அண்ணன்.

அந்த ஒரு மணி நேரமும் மூடி போடுகிற இயந்திரத்தின் டக் டக் சத்தம் மட்டும். டான் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டபோதுதான் முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. துரையிடம், "இங்கேயே பேக் பண்ணுங்கள்" என்றார். பவளம் அக்கா முட்டி வலியை எல்லாம் மறந்து குதித்தார். பிறகு இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தார். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை. டான் போகும்போது, வாசலில் கிடந்த வாழைமரத்தைக் காட்டி, அந்தக் குலையில் ஒரு சீப்பு கிடைக்குமா என்று கேட்டார். முழுக் குலையையும் காரில் ஏற்றி அனுப்பினோம்.

அடுத்த வாரமே அண்ணன் இரண்டு இரும்புத் தூண்களை வெட்டி, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில், இரண்டு பக்கமும் தரையில் போல்ட் போட்டு நட்டார். வாழைமரம் கட்ட மட்டும். மஞ்சள் பெயின்ட் அடித்தார், அந்த போல்ட்டுகளுக்கும் குறுக்கே கோடு போட்டார். பவளம் அக்கா அந்த அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். நானும் அப்படியே.

புதிய லைன் போட வந்த கான்ட்ராக்ட்காரர்கள் அந்தத் தூண்களை அறுத்துவிடப் பார்த்தார்களாம், எதையும் தாங்காமல் சும்மா நிற்கிறதே என்று. இது எதற்கு என்று நூருல் எனக்குப் போன் செய்து கேட்டாள். இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தூண் இருக்கட்டும், லைனைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீரையா அண்ணன் இப்போது ஈப்போவில் மகளோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், கண் பழுதில்லை. அவருக்கு வீடியோ கால் போட்டு, நூருல் திரையைத் தொடுவதையும் ரெயில்கள் தாமாக நகர்ந்து நிற்பதையும் காட்டினேன். "பாத்தீங்களாண்ணே, ஸ்பேனரே இல்ல!" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"இந்திரா."

"சொல்லுங்கண்ணே."

"வாழமரம் எங்க கட்டியிருக்கீங்க?"

அந்த "ங்க"வைக் கேட்டதும் இத்தனை வயதுக்குப் பிறகும் நிமிர்ந்து நின்றேன். போனைத் திருப்பி மஞ்சள் தூண்களைக் காட்டினேன். இரண்டு மரமும் அதில்தான் நின்றன. ஒன்றில் குலை.

"ம்" என்றார்.

நூருலைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் சுவிட்சைப் போட்டாள்.